வழக்கு மாற்றமாகச் சமய மாற்றம்: நோர்டிக் மக்கள் கிறித்தவத்தைத் தழுவிய வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

டென்மார்க், நார்வே, ஐஸ்லாந்து, சுவீடன் ஆகிய நாடுகளின் மக்கள் கி.பி. 9ஆம் நூற்றாண்டு முதல் 12ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில் கிறித்தவத்தைத் தழுவினர். இம்மாற்றத்தைத் தனிமனித நம்பிக்கையின் மாற்றமாகவோ, அரசர்கள் வாளால் நிகழ்த்திய திணிப்பாகவோ காணும் போக்கு பரவலாக உள்ளது. பழைய நோர்டிக் சமயம் ஊர் முழுவதற்கும் பொதுவான வழக்காக இருந்தமையால், அதனை மாற்றுவது சட்டத்தை மாற்றுவதாகவே அம்மக்களால் கொள்ளப்பட்டது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. பேரவைகளில் நிகழ்ந்த விவாதங்கள், கல்வெட்டுகள், சட்டத் தொகுப்புகள் ஆகியன இதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: நோர்டிக் மக்கள், சமய மாற்றம், பேரவை, ரூனிக் கல்வெட்டுகள், ஆல்திங், வழக்குச் சட்டம்.

முன்னுரை

ஐரோப்பாவின் வடபகுதியில் வாழ்ந்த நோர்டிக் மக்கள், அக்கண்டத்தில் கிறித்தவத்தைக் காலந்தாழ்த்தி ஏற்ற இனத்தாருள் அடங்குவர். உரோமப் பேரரசு கிறித்தவத்தை ஏற்று ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் கழிந்த பின்னரே டென்மார்க்கின் அரசர் ஒருவர் தம் நாட்டைக் கிறித்தவ நாடாக அறிவித்தார். சுவீடனில் இம்மாற்றம் நிறைவெய்த மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பின்லாந்து மக்களும் சாமி இனத்தாரும் கிறித்தவம் தழுவிய வரலாறு இதனினும் பிற்பட்டது. வேறு சூழலில் நிகழ்ந்தது. ஆதலின் அது இக்கட்டுரையின் எல்லைக்குள் கொள்ளப்படவில்லை.

சமய மாற்றம் என்ற தொடர், ஒருவர் தம் உள்ளத்தில் ஒரு கொள்கையைக் கைவிட்டு மற்றொன்றைப் பற்றிக்கொள்வதை இன்று குறிக்கிறது. இப்பொருளை 10ஆம் நூற்றாண்டு நோர்டிக் உலகின்மீது ஏற்றிப் பார்க்கும்போது விடைகாண இயலாத வினாக்கள் எழுகின்றன. பழைய தெய்வங்களை வழிபட்டவர்களே பெரும்பான்மையராக இருந்த அவையில், பழைய சமயத்தைச் சேர்ந்த ஒருவரே, அனைவரும் திருமுழுக்குப் பெற வேண்டும் என்று தீர்ப்பளித்தது எவ்வாறு? அத்தீர்ப்பை எதிர்த்தரப்பினர் போரின்றி ஏற்றது ஏன்? புதிய சமயத்தை ஏற்ற அதே நாளில், பழைய தெய்வங்களுக்கு மறைவில் பலியிடலாம் என்று சட்டம் இயற்றப்பட்டதன் பொருள் யாது? இவ்வினாக்களுக்கான விடை, அம்மக்கள் சமயம் என்பதை எவ்வாறு விளங்கிக்கொண்டிருந்தனர் என்பதைப் பொறுத்தது.

சான்றுகளின் இயல்பு

இக்காலத்தை அறிய உதவும் சான்றுகளை மூவகையாகப் பகுக்கலாம். முதல் வகை, செருமானிய நிலத்துத் திருச்சபையினர் இலத்தீனில் எழுதிய நூல்கள். ரிம்பர்ட் எழுதிய அன்ஸ்கார் வரலாறும், கோர்வே மடத்துத் துறவி விடுகிண்டின் நூலும், 1070களில் பிரேமன் நகர ஆதாம் எழுதிய ஆம்பர்க் ஆயர்களின் வரலாறும் இவ்வகையின. இரண்டாம் வகை, ஐஸ்லாந்து மொழியில் எழுந்த வரலாறுகளும் சாகா என்னும் உரைநடைக் கதைகளும். ஆரி தோர்கில்சன் 1122க்கும் 1133க்கும் இடையில் எழுதிய ஐஸ்லாந்தியர் நூலும், சுனோரி சுதுர்லுசன் 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொகுத்த நார்வே அரசர் வரலாறும் இவற்றுள் தலையாயவை. மூன்றாம் வகை, அக்காலத்து மக்களே விட்டுச்சென்ற ரூனிக் கல்வெட்டுகளும் கல்லறைகளும் அகழாய்வுப் பொருள்களும் ஆகும்.

முதலிரு வகைச் சான்றுகளையும் எழுதியோர் கிறித்தவர்களே. பழைய சமயத்தார் தம் தரப்பை எழுதி வைக்கவில்லை. சாகாக்களோ நிகழ்ச்சி நடந்து இருநூறு ஆண்டுகளுக்குமேல் கழிந்தபின் எழுதப்பட்டவை. எனவே அவற்றில் வரும் உரையாடல்களை அப்படியே கொள்ளுதல் இயலாது. எனினும், வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நோக்கோடு எழுதிய ரிம்பர்ட், ஆரி, சுனோரி ஆகிய மூவரும் ஒரு செய்தியில் உடன்படுகின்றனர். சமயத்தைப் பற்றிய முடிவு பேரவையில் எடுக்கப்பட்டது என்பதே அது. அரசரின் ஆற்றலையும் இறைவனின் அருளையும் போற்றுவதற்காக எழுதப்பட்ட நூல்களில், குடிமக்களின் அவை இடைவிடாது குறுக்கிடுவது கருதத்தக்கது.

பழைய சமயமும் வழக்கும்

பழைய நோர்டிக் சமயத்திற்கு அதனைப் பின்பற்றியோர் இட்ட தனிப்பெயர் எதுவும் இல்லை. மறைநூலோ, வரையறுத்த கோட்பாடோ, உலகியலினின்று பிரிந்த குருமார் அமைப்போ அதற்கில்லை. சமயத்தைச் சுட்டப் பழைய நோர்ஸ் மொழி ஆண்ட சொல் 'சிதுர்' என்பதாகும். வழக்கம், ஒழுகலாறு என்பனவே அதன் பொருள். பழைய சமயம் 'முன்னை வழக்கம்' என்றும், கிறித்தவம் 'கிறித்தவ வழக்கம்' என்றும் குறிக்கப்பட்டன. சமய மாற்றத்தைக் குறிக்கும் ஐஸ்லாந்துச் சொல்லும் 'வழக்க மாற்றம்' என்றே பொருள்படும். தமிழில் 'வழக்கு' என்னும் சொல் மரபையும் மன்றத்தில் தொடுக்கப்படும் முறையீட்டையும் ஒருங்கே குறிப்பதை எண்ணினால், இச்சொல்லாட்சியின் கருத்து எளிதில் விளங்கும்.

வழிபாட்டின் மையம் 'பிளோட்' எனப்பட்ட பலி விருந்து. விலங்கைப் பலியிட்டு, இறைச்சியைச் சமைத்து உண்டு, தெய்வங்களின் பெயரால் பருகுதல் அதன் முறை. நல்ல விளைச்சலும் அமைதியும் வேண்டியே அது நிகழ்த்தப்பட்டது. பலனும் கேடும் ஊருக்குப் பொதுவாகக் கருதப்பட்டமையால், ஒருவர் விலகி நிற்பது அவர் ஒருவருடைய செயலாகக் கொள்ளப்படவில்லை. ஐஸ்லாந்தில் 'கோதி' எனப்பட்ட தலைவர் வழிபாட்டையும் நடத்தினார். தம்மைச் சார்ந்தோரைப் பேரவையிலும் வழிநடத்தினார். 'திங்' எனப்பட்ட அப்பேரவை சட்டம் உரைக்கும் இடமாகவும் வழக்குத் தீர்க்கும் இடமாகவும் விளங்கியது. உரிமையுடைய குடியினர் அங்குக் கூடினர். ஆகவே சமயம், சட்டம், தலைமை ஆகிய மூன்றும் தனித்தனியாகப் பிரிக்க இயலாதவாறு பிணைந்திருந்தன.

இச்சமயம் பிற தெய்வங்களை விலக்கவில்லை என்பதும் இங்குக் கருதத்தக்கது. வணிகத்தின் பொருட்டும் படைப்பணியின் பொருட்டும் கிறித்தவ நாடுகளுக்குச் சென்றோர், திருமுழுக்குப் பெறாமலே சிலுவை அடையாளம் மட்டும் பெற்றுக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அதனால் இருதரப்பினரோடும் அவர்கள் பழக முடிந்தது. ஐஸ்லாந்தில் குடியேறிய ஒல்லியன் ஹெல்கி என்பவர் கிறிஸ்துவை நம்பியபோதிலும், கடற்பயணத்தின்போதும் இடர் வந்தபோதும் தோர் தெய்வத்தை வேண்டினார் எனக் குடியேற்ற நூல் கூறுகிறது. டென்மார்க்கின் திரெண்ட்கோர்டன் என்னும் இடத்தில் கிடைத்த மாக்கல் வார்ப்பச்சு ஒன்றில் சிலுவையும் தோரின் சம்மட்டியும் அருகருகே அமைந்துள்ளன. கைவினைஞர் ஒருவர் இருதரப்பு வாங்குவோருக்கும் ஒரே அச்சில் அணிகலன் வார்த்துக் கொடுத்தார் என்று இதனைக் கொள்ளலாம். கிறிஸ்து என்னும் ஒரு தெய்வத்தைச் சேர்த்துக்கொள்வதில் இம்மக்களுக்குத் தடை இருக்கவில்லை. மற்றைத் தெய்வங்களை விலக்கி, பொதுப் பலியை நிறுத்துவதே சிக்கலாயிற்று.

பிர்காவில் அன்ஸ்கார்

கி.பி. 826இல் டேனியத் தலைவர் ஹரால்டு கிளாக், பேரரசர் பக்திமான் லூயியின் ஆதரவை நாடி மைன்ஸ் நகரில் திருமுழுக்குப் பெற்றார். அவருடன் டென்மார்க்குக்கு அனுப்பப்பட்ட துறவியே அன்ஸ்கார். சில ஆண்டுகளில் அவர் சுவீடனின் மேலாரென் ஏரியிலுள்ள பிர்கா என்னும் வணிக நகரை அடைந்தார். அந்நகரின் அதிகாரி ஹெரிகார் திருமுழுக்குப் பெற்றுத் தம் நிலத்தில் ஒரு கோயில் எழுப்பினார். ஆயின் பின்னர் வந்த ஆயர் கௌத்பெர்ட் மக்கள் எழுச்சியால் துரத்தப்பட்டார்; அவருடைய உறவினர் நிதார்டு கொல்லப்பட்டார்.

ஏறத்தாழ 852இல் அன்ஸ்கார் மீண்டும் பிர்காவுக்குச் சென்றபோது நிகழ்ந்ததை ரிம்பர்ட் விரிவாக எழுதியுள்ளார். அன்ஸ்கார் வருவதற்குச் சற்று முன்னர் அங்கு ஒருவர், தாம் தெய்வங்களின் அவையில் இருந்ததாகவும், புதுத்தெய்வம் வேண்டுமாயின் இறந்துபோன எரிக் அரசரையே தங்களுள் ஒருவராக ஏற்கத் தெய்வங்கள் இசைந்தன என்றும் கூறினார். மக்களும் எரிக்குக்குக் கோயில் எடுத்தனர். இச்சூழலில் ஓலோவ் அரசர் அன்ஸ்காரிடம் நட்புப் பாராட்டினாரேனும், தாமே அனுமதி வழங்க முன்வரவில்லை. முதலில் திருவுளச்சீட்டுப் போன்று குறிபோட்டுத் தெய்வ இசைவு அறியப்பட்டது. பின்னர் பேரவை கூடியது. அங்குப் பூசல் எழவே, முதியவர் ஒருவர் எழுந்து பேசினார். கடலில் இடருற்றோருக்கு இத்தெய்வம் உதவியதைப் பலரும் அறிவர். முன்பு டோரெஸ்டாட் நகருக்குச் சென்றே சிலர் இச்சமயத்தை ஏற்றனர். கடற்கொள்ளையரால் அவ்வழி இன்று இடர் மிக்கதாகியுள்ளது. தேடிச்சென்று பெற்றதைத் தம் வாயிலிலேயே பெறுவதை ஏன் மறுக்க வேண்டும் என்பது அவர் வாதம். அவை இசைந்தது. அதன்பின்னும் அரசர், நாட்டின் மற்றொரு பகுதியில் கூடிய பேரவையின் இசைவையும் பெற்ற பிறகே கோயில் கட்ட அனுமதித்தார்.

இந்நிகழ்ச்சியில் இறைவன் ஒருவனா பலரா என்னும் வினா எழவேயில்லை. புதிய வழிபாட்டுக்கு ஊரில் இடமளிப்பது பொதுநலனுக்கு உகந்ததா என்பதே ஆராயப்பட்டது. பொதுச்செயல்களில் முடிவெடுக்கும் உரிமை அரசரிடம் அன்றி மக்களிடமே இருந்தது என்று ரிம்பர்ட் வெளிப்படையாகவே குறிப்பிடுகிறார்.

டென்மார்க்: அரசர் அறிவித்த மாற்றம்

டென்மார்க்கில் ஹெடபி, ரிபே ஆகிய வணிக நகரங்களில் 9ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே கோயில்கள் கட்ட அனுமதி கிடைத்தது. 948இல் கூடிய இங்கெல்ஹைம் திருச்சபை மன்றத்தில் ஷிலெஸ்விக், ரிபே, ஆர்ஹுஸ் ஆகிய இடங்களின் ஆயர்கள் கலந்துகொண்டனர். ஏறத்தாழ 965இல் அரசர் ஹரால்டு புளூடூத் திருமுழுக்குப் பெற்றார். கிறிஸ்துவும் ஒரு தெய்வமே, ஆயின் பிற தெய்வங்கள் அவரினும் ஆற்றல் மிக்கன என்று டேனியர் விருந்தொன்றில் வாதிட்டதாகவும், போப்போ என்னும் குரு பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தித் தீங்கின்றி நின்றதாகவும் விடுகிண்ட் எழுதுகிறார். கதை எவ்வாறாயினும், வழக்கு மன்றங்களில் மெய்ம்மை அறியக் கையாண்ட முறை ஒன்றால் தெய்வத்தின் ஆற்றல் சோதிக்கப்பட்டதாக அது அமைந்திருப்பது நோக்கத்தக்கது.

ஹரால்டு தம் தந்தை கோர்ம், தாய் தைரா ஆகியோரின் நினைவாக யெல்லிங்கில் நிறுவிய பெருங்கல் இம்மாற்றத்தின் முதன்மையான சான்றாகும். தாம் டென்மார்க் முழுவதையும் நார்வேயையும் வென்றதையும் டேனியரைக் கிறித்தவராக்கியதையும் அவர் ஒரே தொடரில் அக்கல்லில் பொறித்தார். கல்லின் ஒரு புறத்தில் கிறிஸ்துவின் உருவம் கொடிப்பின்னலுக்கு நடுவே செதுக்கப்பட்டுள்ளது. நாட்டை ஒன்றாக்கியதும் சமயத்தை மாற்றியதும் ஒரே அரசச் செயலின் இரு கூறுகளாக அங்கு நிற்கின்றன. தெற்கே பேரரசர் முதலாம் ஓட்டோவின் ஆற்றல் ஓங்கியிருந்த காலம் அது. கிறித்தவர் அல்லாதாரைத் திருத்தும் பெயரால் படையெடுக்கும் வாய்ப்பை இம்மாற்றம் குறைத்தது. ஏறத்தாழ 986இல் மகன் சுவெய்ன் கிளர்ந்தெழுந்து ஹரால்டை வீழ்த்தியபோதும் நாடு பழைய வழக்கத்துக்குத் திரும்பவில்லை.

நார்வே: அவையும் வன்முறையும்

நார்வேயின் அரசர் நல்ல ஹோக்கன் இங்கிலாந்தில் ஏதல்ஸ்டன் அரசரின் அவையில் கிறித்தவராக வளர்ந்தவர். ஏறத்தாழ 934 முதல் 961 வரை ஆண்ட அவர் தம் சமயத்தைப் பரப்ப முயன்றார். திரோண்டலாகு பகுதியின் பேரவையில் உழவர்கள் அதனை எதிர்த்ததைச் சுனோரி விவரிக்கிறார். சட்டத்தைக் காக்கும்வரை தாம் அரசரைப் பின்பற்றுவதாகவும், முன்னோர் வழக்கத்தைக் கைவிட வற்புறுத்தினால் வேறோர் அரசரைத் தேடிக்கொள்வதாகவும் அவர்கள் சார்பில் அஸ்பியோர்ன் என்பவர் கூறினாராம். பின்னர் பலி விருந்தில் குதிரையின் ஈரலைச் சுவைக்குமாறு அரசர் கட்டாயப்படுத்தப்பட்டார். நாட்டின் விளைச்சலுக்கும் அமைதிக்கும் பொறுப்பானவர் பொதுப் பலியில் பங்கு பெறாமல் இருக்கலாகாது என்பதே உழவர்களின் நிலைப்பாடு.

ஓலாவ் திரிக்வசன் (995–1000), ஓலாவ் ஹரால்ட்சன் (1015–1028) ஆகிய இருவரும் வேறு வழியை மேற்கொண்டனர். படையுடன் பேரவைகளுக்குச் சென்று, சமயத்தை ஏற்பதா போரிடுவதா என்று தெரிவு செய்யுமாறு கோரினர். மறுத்தோர் சிலர் கொல்லப்பட்டனர். சிலர் உறுப்புக் குறைக்கப்பட்டனர். சிலர் நாட்டை விட்டு ஓடினர். இவற்றை மறைக்காமல் எழுதியோர் இவ்விரு அரசர்களையும் போற்றிய கிறித்தவ ஆசிரியர்களே. எனவே வழக்கு மாற்றம் என்னும் விளக்கம் இவ்வன்முறையைச் சிறுமைப்படுத்துவதாக அமைதல் கூடாது. ஆயினும் இவ்வரசர்களும் பேரவையைத் தவிர்க்கவில்லை. அங்கு இசைவு பெறப்பட்டாலன்றி மாற்றம் சட்டமாகாது என்பதை அவர்களும் ஏற்றிருந்தனர்.

மரபுவழியாக 1024இல் மோஸ்டர் தீவில் ஓலாவ் ஹரால்ட்சனும் ஆயர் கிரிம்கெல்லும் கிறித்தவச் சட்டத்தை நிறுவினர் என்பர். கூலி தீவிலிருந்த ரூனிக் கல், கிறித்தவம் நார்வேயில் பன்னிரண்டு குளிர்காலம் இருந்ததாகக் காலங்குறிக்கிறது. அக்கல்லின் அருகே கிடைத்த பாலத்தின் மரம் 1034ஐ ஒட்டி வெட்டப்பட்டதென மரவளையங்கள் காட்டுவதால், மோஸ்டர் பேரவையையே கல் சுட்டுகிறது எனக் கருதும் ஆய்வாளர் உளர். தனி ஒருவரின் திருமுழுக்கைக் கொண்டன்றி, நாட்டின் வழக்கம் மாறிய காலத்தைக் கொண்டு ஆண்டு எண்ணப்பட்டது என்பது இங்கு முதன்மையான செய்தி.

1030இல் ஸ்டிக்லஸ்டாட் போரில் ஓலாவ் ஹரால்ட்சன் தம் குடிமக்களாலேயே கொல்லப்பட்டார். அவரை எதிர்த்தோர் ஆதரித்த கனூட் அரசரும் கிறித்தவரே ஆதலின் அதனைச் சமயப்போர் என்று மட்டும் கொள்ள இயலாது. மறு ஆண்டே அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவையை வற்புறுத்தி ஆண்ட அரசர், இறந்தபின் சட்டத்தின் காவலராகப் போற்றப்படலானார்.

ஐஸ்லாந்து: ஒரு சட்டம், ஒரு வழக்கம்

ஐஸ்லாந்தில் அரசர் இல்லை. 930இல் நிறுவப்பட்ட ஆல்திங் என்னும் பேரவையே நாட்டை ஒன்றாக இணைத்தது. ஓலாவ் திரிக்வசன் அனுப்பிய தாங்பிராண்ட் என்னும் குரு சிலரை மாற்றியபோதும், தம்மை இகழ்ந்து பாடியோரைக் கொன்றுவிட்டு நார்வேக்குத் திரும்பினார். ஹ்யால்டி என்னும் தலைவர் பிரேயா தேவியைப் பழித்துப் பாடியமைக்காக மூன்றாண்டு நாடுகடத்தப்பட்டார். நார்வேயிலிருந்த ஐஸ்லாந்தியருக்குத் தீங்கிழைக்கப்போவதாக அரசர் அச்சுறுத்தினார். இவ்வாறு வெளியழுத்தமும் உட்பூசலும் ஒருங்கே முற்றின.

கி.பி. 999 அல்லது 1000இல் கோடைக்கால ஆல்திங் கூடியபோது, இரு தரப்பினரும் சான்றாளரை முன்னிறுத்தி, மற்றவரோடு தமக்கு இனிப் பொதுச்சட்டம் இல்லை என்று சட்டப்பாறையில் அறிவித்தனர். நாடு இரண்டாகும் நிலை ஏற்பட்டது. கிறித்தவர்கள் தமக்கென ஒரு சட்டம் உரைக்குமாறு சீடாவின் ஹாலை வேண்டினர். அவரோ சட்டம் உரைப்பவராக இருந்த தோர்கெய்ரிடமே அப்பொறுப்பை ஒப்படைத்தார். தோர்கெய்ர் அப்போது பழைய சமயத்தவர். அன்று எஞ்சிய பகலும் இரவும் போர்வையால் போர்த்திக்கொண்டு பேசாது கிடந்த அவர், மறுநாள் காலையில் மக்களைச் சட்டப்பாறைக்கு அழைத்தார்.

அவர் உரையின் சாரத்தை ஆரி பதிவு செய்துள்ளார். இரு தரப்பும் தத்தம் கருத்தையே நிலைநாட்ட முயன்றால் நாடு அழியும். இருவரும் சிறிது விட்டுக்கொடுத்து ஒரே சட்டத்தையும் ஒரே வழக்கத்தையும் கொள்ள வேண்டும். சட்டம் பிளந்தால் அமைதியும் பிளக்கும் என்பது அவ்வுரையின் கருத்து. தம் தீர்ப்புக்குக் கட்டுப்படுவதாக இருதரப்பிடமும் உறுதி பெற்ற பின்னரே அவர் சட்டத்தை உரைத்தார். அனைவரும் கிறித்தவராதல் வேண்டும்; திருமுழுக்குப் பெறாதோர் அதனைப் பெறுதல் வேண்டும். ஆயினும் குழந்தைகளைப் பிறந்தவுடன் வெளியே கிடத்திவிடுவது, குதிரையிறைச்சி உண்பது ஆகியவற்றில் பழைய சட்டமே நிலைக்கும். விரும்புவோர் மறைவில் பலியிடலாம். சான்றாளர் கண்டு முறையிட்டால் மூன்றாண்டு நாடுகடத்தல் தண்டனையாகும்.

இவ்விலக்குகள் மாற்றத்தின் இயல்பைத் தெளிவாகக் காட்டுகின்றன. கிறிஸ்துவை நம்புவோர் மறைவிலும் பிற தெய்வங்களை வழிபடலாகாது என்பது திருச்சபையின் கொள்கை. ஆல்திங் அதனை எடுத்துக்கொள்ளவில்லை. சான்றாளர் காணும் செயலே குற்றமாயிற்று, காணப்படாதது குற்றமாகவில்லை. பொதுவெளியின் வழக்கம் ஒன்றாயிருத்தலே நோக்கம் என்பது இதனால் பெறப்படும். குதிரையிறைச்சி பலி விருந்தோடு தொடர்புடையது; வளங்குன்றிய தீவில் உணவாகவும் இன்றியமையாதது. குழந்தைகளைக் கைவிடும் உரிமையோ வறுமையின் கொடிய விளைவு. இரு தரப்பின் உடன்பாடு அக்குழந்தைகளின் உயிரையும் விலையாகக் கொண்டிருந்தது என்பதை வரலாறு மறைத்தல் இயலாது. சில ஆண்டுகளில் இவ்விலக்குகள் நீக்கப்பட்டன என்று ஆரி கூறுகிறார். அவையிலிருந்து திரும்பியோருள் பலர் குளிர்ந்த நீரில் முழுக விரும்பாது, வழியிலிருந்த வெந்நீர் ஊற்றில் திருமுழுக்குப் பெற்றனர் என்னும் செய்தியும் உண்டு.

சுவீடன்: பிளவுபட்ட நிலம்

சுவீடனில் ஓலோவ் ஷொட்கொனுங் (ஏறத்தாழ 995–1022) திருமுழுக்குப் பெற்றுச் சிக்துனா நகரில் கிறித்தவக் குறியுடைய நாணயங்கள் அடித்தார். ஆயினும் உப்சாலாவின் பலி வழிபாட்டை அவரால் நிறுத்த இயலவில்லை. நாட்டின் ஒரு பகுதியில் தாம் விரும்பியவாறு கோயில் அமைத்துக்கொள்ளலாம், பிறரை வற்புறுத்தலாகாது என்னும் உடன்பாட்டின்படி அவர் வேஸ்டெர்கோட்லாந்தைத் தெரிவு செய்தார் என்றும், அங்கு ஸ்காராவில் ஆயர்பீடம் அமைந்தது என்றும் பிரேமன் ஆதாம் எழுதுகிறார். உப்சாலாவில் ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடெங்கிலுமிருந்து மக்கள் கூடிப் பலியிட்டனர் என்பதும், பங்கேற்க விரும்பாத கிறித்தவர்கள் பொருள் செலுத்தியே விலக்குப் பெற்றனர் என்பதும் அவர் தரும் செய்திகள். பிறர் சொல்லக் கேட்டு எழுதிய ஆதாமின் விவரிப்பு முழுதும் நம்பத்தக்கதன்று. எனினும் பலியில் பங்கேற்பது வரிபோன்ற பொதுக்கடமையாகக் கருதப்பட்டது என்பது பிற சான்றுகளோடு பொருந்துகிறது. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே அரசர் பலியிட மறுத்தமையால் பேரவையில் கல்லெறிந்து துரத்தப்பட்டார் என ஒரு சாகா கூறுகிறது.

உப்சாலாவைச் சூழ்ந்த உப்லாந்துப் பகுதியிலேயே 11ஆம் நூற்றாண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரூனிக் கற்கள் நடப்பட்டன. அவற்றுள் மிகப் பல சிலுவையும், இறந்தவரின் ஆன்மாவுக்கு இறைவன் உதவ வேண்டும் என்னும் வேண்டுதலும் உடையன. திருமுழுக்கின் வெள்ளாடையோடு இறந்தோரைச் சில கற்கள் குறிக்கின்றன. அரசாணையின்றிக் குடும்பங்கள் தாமே மேற்கொண்ட மாற்றத்துக்கு இவை சான்று. ஆன்மாவின் பொருட்டுப் பாலம் அமைப்பது அறச்செயலாகக் கருதப்பட்டது. தேபி என்னும் ஊரின் யார்லபங்கே, தம் ஆன்மாவுக்காகப் பாலம் கட்டியதை ஒரு கல்லிலும், பேரவைக்கான இடம் அமைத்ததை மற்றொரு கல்லிலும் பொறித்துள்ளார். யெம்ட்லாந்தின் புரோசோ தீவிலுள்ள கல்லில், குட்பாஸ்டின் மகன் ஓஸ்ட்மன் அக்கல்லை நட்டுப் பாலம் கட்டியதோடு யெம்ட்லாந்தையே கிறித்தவமாக்கினார் என்றுள்ளது. அரசர் அல்லாத ஒருவர் ஒரு நிலப்பகுதி முழுவதையும் கிறித்தவமாக்கியதாகக் கூறுதல், அப்பகுதியின் பேரவையில் முடிவு எடுக்கப்பட்டிருந்தாலன்றிப் பொருந்தாது. அதே தீவின் கோயிற்பலிபீடத்தின் அடியில் பூர்ச்ச மரத்தின் அடிக்கட்டையும், அதனைச் சூழக் கரடி முதலிய விலங்குகளின் எலும்புகளும் 1984ஆம் ஆண்டு அகழாய்வில் வெளிப்பட்டன. பழைய பலியிடத்தின்மீதே புதிய கோயில் எழுந்தது.

சட்டத்தைத் தொடர்ந்த வாழ்க்கை

பேரவையின் முடிவு ஒரு நாளில் நிகழ்ந்தது. அதற்கேற்ற வாழ்க்கை அமையப் பல தலைமுறைகள் ஆயின. ஐஸ்லாந்தின் முதல் ஆயர் ஈஸ்லெய்பர் 1056இல்தான் திருநிலைப்படுத்தப்பட்டார். அவர் மகன் கிசூர் ஆயராக இருந்தபோது, 1096ஐ ஒட்டி, பத்திலொரு பங்கு வரி ஆல்திங்கில் சட்டமாயிற்று. அது ஆயர், குரு, கோயில், ஏழையர் என நான்காகப் பகுக்கப்பட்டது. கோயில்களைத் தம் நிலத்தில் கட்டி வைத்திருந்த தலைவர்களே அதில் பெரும்பகுதியைக் கையாண்டனர். முன்னர் வழிபாட்டையும் அவையையும் நடத்திய அதே குடும்பங்கள் புதிய சமயத்திலும் தலைமை பெற்றன.

நார்வேயின் குலாதிங் சட்டத் தொகுப்பு இத்தொடர்ச்சியை இன்னும் தெளிவாகக் காட்டும். குடியினர் ஆண்டுதோறும் மது வடித்து, கிறிஸ்துவுக்கும் மரியாவுக்கும் நன்றியாக, நல்விளைச்சலும் அமைதியும் வேண்டி அதனைப் புனிதப்படுத்தி விருந்துண்ண வேண்டும் என அது விதிக்கிறது. தவறுவோர் தண்டம் செலுத்த வேண்டும். வேண்டும் பயனும் விருந்தின் கடமையும் மாறவில்லை. வேண்டப்படும் தெய்வம் மாறியது. அதே தொகுப்பு பலியிடுதலைத் தடுத்ததோடு, குழந்தைகளைக் கைவிடுவதையும் பெரும்பாலும் தடை செய்தது. பழைய வழக்கத்தில் பொதுக்கடமை வழிபாட்டளவில் நின்றது. புதிய சட்டமோ வீட்டின் உள்ளேயும் நுழைந்தது. திருமணம், உணவு, நோன்பு, பிறப்பு, அடக்கம் ஆகியவற்றையும் நெறிப்படுத்தியது.

லுந்த் (1103), நிதாரோஸ் (1152/53), உப்சாலா (1164) ஆகிய இடங்களில் பேராயர் பீடங்கள் நிறுவப்பட்டதோடு இவ்வமைப்பு நிறைவுற்றது. பழைய பலியின் தலைமை இடமாக விளங்கிய உப்சாலா, சுவீடன் திருச்சபையின் தலைமை இடமாயிற்று.

முடிவுரை

நோர்டிக் மக்களின் சமய மாற்றத்தை ஆராய்வதால் பெறப்படும் கருத்துகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

பழைய சமயம் 'சிதுர்' என்னும் பொதுவழக்காக இருந்தமையால், அதன் மாற்றமும் பேரவையில் தீர்க்கப்படவேண்டிய பொதுச்சட்டச் சிக்கலாகவே கொள்ளப்பட்டது. பிர்கா முதல் ஆல்திங் வரை ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு இடைவெளியில் இப்பார்வை மாறாது தொடர்ந்தது.

அரசர் வலிமை பெற்ற டென்மார்க்கில் மாற்றம் விரைந்தது. அரசரும் அவையும் மோதிய நார்வேயில் குருதி சிந்தியது. அரசரே இல்லாத ஐஸ்லாந்தில் உடன்பாடாயிற்று. நிலத்துக்கு நிலம் அவை வேறுபட்ட சுவீடனில் காலந்தாழ்ந்தது. சமயப் பற்றின் அளவைவிட அரசியல் அமைப்பின் வேறுபாடே இவ்வேறுபாடுகளுக்கு மிகுதியும் காரணம்.

மறைவான பலியைப் பொறுத்துக்கொண்ட 1000ஆம் ஆண்டின் ஐஸ்லாந்து, சில ஆண்டுகளிலேயே அதனையும் நீக்கியது. ஒரே சட்டம் வேண்டும் என்னும் கொள்கை அன்று போரைத் தடுத்தது. ஒரே சட்டத்துக்குள் இருவேறு வழிபாடுகளுக்கு இடமில்லை என்பதும் அக்கொள்கையினுள்ளேயே அடங்கியிருந்தது. அமைதியைக் காத்த அதே காரணமே பழைய வழிபாட்டை மறையச் செய்தது என்பது இவ்வரலாற்றினின்று தெளியப்படும்.